ஏசிசி ஆன்டிபாடி: பிரைமரி போடாத பிளாட்டிலும் 265-ல் பேண்ட் வருகிறது, என்ன காரணம்?

ஜெல்லும்_நானும் கேட்டது:

வணக்கம். வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களை ஜெல்லில் எடைவாரியாகப் பிரித்து, மெம்ப்ரேனுக்கு மாற்றி, ஆன்டிபாடியால் தேடும் முறை) ஒரு சிக்கல், தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறேன். பாதி சொன்னால் மீதியை நீங்கள் கேட்பீர்கள் என்பதால் எல்லாவற்றையும் இங்கேயே கொட்டிவிடுகிறேன்.

வேலை கொழுப்புக் கல்லீரல் பற்றியது. ஹெப்ஜி2 செல்களுக்குப் பால்மிட்டிக், ஒலீயிக் அமிலங்களைக் கொடுத்துக் கொழுப்பு சேரவைத்து, அப்புறம் மெட்ஃபார்மின் கொடுக்கிறோம். அசிட்டைல்-கோஏ கார்பாக்சிலேஸ், அதாவது ஏசிசி, எவ்வளவு இருக்கிறது, அதில் எவ்வளவு பாஸ்போரிலேட் ஆகிறது என்று பார்க்க வேண்டும். மொத்த ஏசிசிக்கு ஒரு முயல் பாலிகுளோனல் ஆன்டிபாடி வாங்கினோம். 40 ஆயிரம் ரூபாய்க்குப் பக்கத்தில் ஆயிற்று, அதுவும் ஆர்டர் போட்டு அது வந்து சேர்வதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. பாஸ்போ ஆன்டிபாடி இன்னும் வாங்கவில்லை, முதலில் இது சரியாகட்டும் என்று கைடு சொல்லிவிட்டார்.

8 சதவீத ஜெல், லேனுக்கு 40 மைக்ரோகிராம், செமி-டிரை டிரான்ஸ்ஃபர், பிவிடிஎஃப் மெம்ப்ரேன். பிரைமரி, அதாவது ஏசிசியைத் தேடும் அந்த முயல் ஆன்டிபாடி, 1:1000, இரவு முழுக்கக் குளிரறையில். பிரைமரியைப் பிடித்துக் காட்டும் செகண்டரிக்கு எங்கள் லேபில் ஏற்கனவே இருக்கும் கிட்தான்: பயோட்டின் ஒட்டிய ஆன்டி-ரேபிட், அதற்கு மேல் ஸ்ட்ரெப்டாவிடின்-எச்ஆர்பி (பயோட்டினைப் பிடிக்கும் புரதம், அதில் ஒட்டிய ஒளி தரும் என்சைம்). மற்ற புரதங்களுக்கு எல்லோரும் இதையே பயன்படுத்துகிறார்கள், பிரச்சினை வந்ததே இல்லை.

கிடைப்பது இதுதான். எடை அளவுகோலான மார்க்கரின் உச்சியில் இருக்கும் 250 கிலோடால்டனுக்குச் சற்று மேலே, 265 பக்கம், ஒரு மெல்லிய பேண்ட், ஏசிசி இருக்க வேண்டிய இடம். 130 பக்கம் ஒன்று, நன்றாகத் தெரிகிறது. 75 பக்கம் தடியாக ஒன்று, குறைவாக எக்ஸ்போஸ் செய்தால் அது இரண்டாகப் பிரிந்து தெரிகிறது. டேட்டாஷீட்டில் ஒரே ஒரு பேண்ட்தான் காட்டியிருக்கிறார்கள். மெம்ப்ரேனின் காலி இடங்களைப் பாலால் மூடி பிளாக் செய்தால்தான் இப்படி என்று யாரோ சொன்னதால் 5 சதவீத பிஎஸ்ஏவுக்கு மாறினேன், குறைவதற்குப் பதில் எல்லா பேண்டும் இன்னும் தூக்கலாக வந்தன. நிறுவனத்துக்கு மெயில் போட்டால் டைல்யூஷனை மாற்றிப் பாருங்கள் என்று ஒரு வரிப் பதில்.

கடைசியாகப் பிரைமரியே இல்லாமல் ஒரு மெம்ப்ரேன் ஓட்டினேன். அதிலும் இதே மூன்று இடத்தில் பேண்ட்! 265 உட்பட! கைடு, 265-ல் வருவது சரியான உயரத்தில்தானே இருக்கிறது, அதை ஏசிசி என்று வைத்துக்கொண்டு மற்றதை நான்-ஸ்பெசிஃபிக் என்று வெட்டிவிடலாம் என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. செகண்டரி கெட்டுப்போயிருக்குமா? ஆன்டிபாடியை வேறு நிறுவனத்தில் வாங்குவதா? யாராவது பார்த்திருக்கிறீர்களா?

---

பெப்டைட்_பாண்டி பதில்:

செகண்டரியும் கெடவில்லை, ஆன்டிபாடியும் கெடவில்லை. நீங்கள் பார்ப்பது பயோட்டின்.

ஏசிசி ஒரு பயோட்டின் என்சைம். கார்பாக்சில் தொகுதியை அசிட்டைல்-கோஏவில் கொண்டுபோய் ஒட்டும் வேலையே அந்தப் பயோட்டின் வழியாகத்தான் நடக்கிறது. அது சும்மா பக்கத்தில் மிதந்துகொண்டிருப்பதில்லை, ஒரு லைசினோடு கோவேலன்டாகப் பிணைந்திருக்கிறது. எஸ்டிஎஸ்ஸில் கொதிக்கவைத்தாலும், ஜெல்லில் ஓட்டினாலும், மெம்ப்ரேனுக்கு மாற்றினாலும் கூடவே வரும். அங்கே ஸ்ட்ரெப்டாவிடின்-எச்ஆர்பியை ஊற்றினால் நடுவில் எந்த ஆன்டிபாடியும் தேவையில்லாமல் நேராகப் போய்ப் பிடித்துக்கொள்ளும். 

இப்போது மற்ற இரண்டு உயரங்களையும் பாருங்கள். பாலூட்டிகளின் செல்லில் பயோட்டின் ஒட்டிய கார்பாக்சிலேஸ்கள் மொத்தம் ஐந்து. ஏசிசி1 சுமார் 265 கிலோடால்டன், ஏசிசி2 சுமார் 280. பைருவேட் கார்பாக்சிலேஸ் 130 பக்கம். புரோப்பியோனைல்-கோஏ கார்பாக்சிலேஸின் ஆல்ஃபா துணையலகும், மெத்தில்குரோட்டோனைல்-கோஏ கார்பாக்சிலேஸின் ஆல்ஃபா துணையலகும் இரண்டும் 75-ஐ ஒட்டி. நீங்கள் சொன்ன 265, 130, 75-ல் இரட்டை, அப்படியே இந்தப் பட்டியல்தான். கல்லீரல் செல்லில் மைட்டோகாண்ட்ரியா நிறைய, கடைசி மூன்றும் அதற்குள் இருப்பவை, அதனால்தான் அவை ஏசிசியைவிடத் தடியாகத் தெரிகின்றன. உங்கள் லேபில் மற்றவர்கள் 40, 50 கிலோடால்டன் புரதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தால் மெம்ப்ரேனின் மேல் பாதியை வெட்டி எறிந்திருப்பார்கள், இதைக் கவனிக்க வாய்ப்பே இல்லை.

பாலிலிருந்து பிஎஸ்ஏவுக்கு மாறியதும் பேண்ட் தூக்கலானது என்றீர்களே, அதுவும் இதே கதைதான். பாலில் தனியாகவே பயோட்டின் உண்டு, அது ஸ்ட்ரெப்டாவிடினின் இடங்களில் கொஞ்சத்தைப் பிடித்து வைத்துக்கொண்டிருந்தது. பாலை எடுத்ததும் ஸ்ட்ரெப்டாவிடின் முழுவதும் மெம்ப்ரேனுக்குப் போய்விட்டது.

உங்கள் கைடு சொல்வதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 265-ல் இருப்பது ஏசிசிதான், அதில் அவர் சொல்வது சரி. ஆனால் அதைக் காட்டியது நீங்கள் வாங்கிய ஆன்டிபாடி இல்லை. ஆன்டிபாடி வேலை செய்கிறதா என்பது இந்த பிளாட்டிலிருந்து தெரியவே தெரியாது. அப்படியே வெட்டி ஆன்டிபாடியின் பெயரைப் போட்டுப் பிரசுரித்தால் அது தப்பான தகவல்.

செய்ய வேண்டியது: எச்ஆர்பி நேரடியாக ஒட்டிய ஆன்டி-ரேபிட் செகண்டரி ஒன்று வாங்குங்கள் (பக்கத்து லேபில் கேட்டால் ஐந்து மைக்ரோலிட்டர் கொடுக்க மாட்டார்களா என்ன). அதே லைசேட் (செல்லை உடைத்தெடுத்த கரைசல்), அதே பிரைமரி. பிரைமரி போட்டது ஒன்று, போடாதது ஒன்று. அப்போது வருவதுதான் உங்கள் ஆன்டிபாடியின் உண்மை முகம்.

---

குளிரறை பதில்:

பாண்டி சொன்னதில் எனக்கு மறுப்பில்லை, ஆனால் கேள்வியில் இன்னொரு விஷயம் உறுத்துகிறது. 8 சதவீத ஜெல், செமி-டிரை டிரான்ஸ்ஃபர், 265 கிலோடால்டன் புரதம். இந்த மூன்றும் சேராது. ஸ்ட்ரெப்டாவிடின் மாதிரி ஒட்டினால் விடாத ஒன்றுக்கே 265 மெல்லிசாகத்தான் தெரிகிறது என்றால், ஏசிசியில் பெரும்பகுதி மெம்ப்ரேனுக்கு வரவே இல்லை, ஜெல்லிலேயே உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். இதை வைத்துக்கொண்டு செகண்டரியை மட்டும் மாற்றினால் வெற்று பிளாட் வரும், உடனே ஆன்டிபாடியைத் திட்டுவீர்கள்.

ஜெல்லை 6 சதவீதமாக்குங்கள், கைக்குக் கிடைத்தால் 3–8 டிரிஸ்-அசிட்டேட் கிரேடியன்ட் இன்னும் நல்லது. நீல டை கீழே ஓடிப்போனாலும் நிறுத்தாமல் 75 மார்க்கர் கீழ்ப் பாதிக்கு வரும்வரை ஓட்டுங்கள். டிரான்ஸ்ஃபருக்கு வெட் டேங்க், குளிரறையில் 30 வோல்ட், ராத்திரி முழுக்க. பஃபரில் மெத்தனாலை 20-லிருந்து 10 சதவீதமாகக் குறையுங்கள், கூடவே 0.05 சதவீதம் எஸ்டிஎஸ். மெத்தனால் ஜெல்லைச் சுருக்கும், புரதத்திலிருந்து எஸ்டிஎஸ்ஸையும் பிடுங்கிவிடும், சின்னப் புரதம் மெம்ப்ரேனில் ஒட்ட அது உதவும், ஆனால் ஏசிசி மாதிரி பெரிய ஆள் ஜெல்லை விட்டு நகரவே மாட்டான். பிவிடிஎஃப் 0.45 போதும், 0.2 தேவையில்லை.

ஜெல்லைப் பிரிக்கும்போது பழக்க தோஷத்தில் கிணறுகளோடு சேர்த்து ரன்னிங் ஜெல்லின் மேல் விளிம்பையும் வெட்டி எறிபவர்கள் உண்டு. உங்கள் புரதம் அந்த விளிம்பிலிருந்து ஒரு விரல் தள்ளித்தான் இருக்கிறது. கவனம். டிரான்ஸ்ஃபர் முடிந்ததும் மெம்ப்ரேனுக்குப் பான்சோ, மிச்ச ஜெல்லுக்குக் குமாசி, இரண்டும் புரதச் சாயங்கள். குமாசியில் 250-க்கு மேலே இன்னும் நீலமாக ஏதாவது நின்றால் டிரான்ஸ்ஃபர் போதவில்லை. இந்த ஒரு சோதனையைப் பலர் செய்வதே இல்லை, ஏன் என்று எனக்குப் புரிந்ததில்லை, பத்து ரூபாய் செலவுகூட இல்லை.

லோடிங் கன்ட்ரோலுக்கு ஆக்டின் என்று போய்விடாதீர்கள். 6 சதவீதத்தில் 42 கிலோடால்டன் டையோடு சேர்ந்து ஓடியிருக்கும். வின்குலின் எடுங்கள், 120 பக்கம் வரும். 180 மார்க்கரில் மெம்ப்ரேனைக் குறுக்கே வெட்டி மேல் துண்டு ஏசிசிக்கு, கீழ்த் துண்டு வின்குலினுக்கு.

---

ஜெல்லும்_நானும் பதில்:

பாண்டி அண்ணா, ஸ்ட்ரெப்டாவிடின்-எச்ஆர்பி மட்டும் போட்டு இன்று ஒரு துண்டு பார்த்துவிட்டேன், பிரைமரி இல்லை, பயோட்டின் செகண்டரியும் இல்லை. அச்சு அசலாக அதே மூன்று. கைடுக்கும் காட்டினேன், சிரித்துவிட்டார்.

ஒரு சந்தேகம். ஸ்ட்ரெப்டாவிடின் இவ்வளவு சுத்தமாக ஏசிசியைக் காட்டுகிறது என்றால், மொத்த ஏசிசிக்கு அதையே வைத்துக்கொண்டு, இருக்கும் பணத்தில் பாஸ்போ ஆன்டிபாடி மட்டும் வாங்கினால் என்ன? இது குறுக்கு வழியா, ரிவ்யூவர் ஏற்பாரா?

---

பெப்டைட்_பாண்டி பதில்:

குறுக்கு வழி இல்லை. ஏஎம்பிகே (ஏசிசியில் பாஸ்பேட் ஏற்றும் என்சைம்) ஆராய்ச்சியில் மொத்த ஏசிசியை ஸ்ட்ரெப்டாவிடின் வைத்து அளப்பது பழைய, எல்லோரும் ஏற்றுக்கொண்ட முறை. மெதட்ஸில் ஒளிக்காமல் எழுதினால் போதும், ரிவ்யூவருக்குத் தெரியவில்லை என்றால் ஒரு வரியில் விளக்கலாம். முயலில் செய்த பாஸ்போ ஆன்டிபாடிக்கு ஒரு நிற ஃபுளோரசன்ட் செகண்டரி, ஸ்ட்ரெப்டாவிடினுக்கு வேறு நிறம் என்று வைத்தால் ஒரே மெம்ப்ரேனில் ஒரே நேரத்தில் இரண்டையும் படிக்கலாம், ஒட்டியதைக் கழற்றி எடுத்து ஸ்டிரிப் செய்யும் தொல்லையே இல்லை. ஸ்கேனர் இருந்தால்தான்.

இரண்டு எச்சரிக்கை. ஒன்று, ஸ்ட்ரெப்டாவிடின் அளப்பது பயோட்டின் ஏறிய ஏசிசியை மட்டும். பயோட்டினை ஏற்றுவது ஹோலோகார்பாக்சிலேஸ் சிந்தட்டேஸ் என்ற இன்னொரு என்சைம், அதற்குப் பயோட்டின் கிடைக்க வேண்டும். ஆர்பிஎம்ஐ 1640 மீடியத்தில் பயோட்டின் உண்டு, சாதாரண டிஎம்இஎம்மில் கிடையாது, சீரத்தில் வருவதுதான். நீங்கள் சீரத்தை நீண்ட நேரம் எடுத்துவிட்டுச் செய்யும் சோதனை என்றால் இதை யோசிக்க வேண்டும், ஒரு நாள் வேலைக்குப் பெரிதாகப் பாதிக்காது என்பது என் எண்ணம். இரண்டு, ஏசிசி1 எது ஏசிசி2 எது என்று அதற்குத் தெரியாது. 265-ம் 280-ம் 8 சதவீதத்தில் ஒன்றாகத்தான் நிற்கும், குறைந்த சதவீத ஜெல்லில் நீண்ட நேரம் ஓட்டினால் பிரியும். கல்லீரல் செல்லில் ஏசிசி1 மேலோங்கும், இதயத்திலும் எலும்புத்தசையிலும் ஏசிசி2. தசை செய்பவர்கள் ஏசிசி1 ஆன்டிபாடியை வாங்கிவிட்டு பேண்ட் வரவில்லை என்று புலம்புவதற்குக் காரணமே இதுதான்.

இரண்டும் ஒரே வேலையைச் செய்தாலும் இருக்கும் இடம் வேறு. ஏசிசி1 சைட்டோசாலில், அது தயாரிக்கும் மலோனைல்-கோஏ கொழுப்பு அமிலம் கட்டப் போகிறது. ஏசிசி2 மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வில் ஒட்டிக்கொண்டு, அதன் மலோனைல்-கோஏ பக்கத்திலேயே இருக்கும், கொழுப்பை உள்ளே அனுப்பும் சிபிடி1-ஐ அடக்கிவைக்கிறது, கொழுப்பு உள்ளே போய் எரியாமல். ஏசிசி1 இல்லாத எலிக்கரு பிறக்கவே இல்லை, ஏசிசி2 இல்லாத எலி நன்றாகத் தின்றும் ஒல்லியாக இருந்தது (2001-ல் வந்த பேப்பர், அந்தக் காலத்தில் பெரிய பேச்சு). ஆகவே "ஏசிசி கூடியது" என்று எழுதும்போது எந்த ஏசிசி என்று யாராவது கேட்பார்கள்.

---

வெள்ளெலிக்கூடம் பதில்:

பாஸ்போ ஆன்டிபாடி வாங்கப் போகிறீர்கள் என்பதால் இதைச் சொல்கிறேன். ஆன்டிபாடி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் சாம்பிளை எடுக்கும் விதத்திலேயே முடிவு மாறிவிடும் புரதம் இது.

பெட்டியில் செர்79 என்று போட்டிருக்கும். அது எலி வரிசையின் எண், மனித ஏசிசி1-ல் அது 80-வது செரின். ஏசிசி2-லும் அதே போன்ற ஒரு இடம் இருக்கிறது, சுண்டெலியில் 212. சுற்றியுள்ள அமினோ அமிலங்கள் ஒன்றுபோல இருப்பதால் பெரும்பாலான பாஸ்போ ஆன்டிபாடிகள் இரண்டையும் பிடிக்கும். அதைக் குறையாக நினைக்க வேண்டாம், தெரிந்து வைத்துக்கொண்டால் போதும்.

அந்த செரினில் பாஸ்பேட் ஏற்றுவது ஏஎம்பிகே. ஏற்றினால் ஏசிசி அடங்கும், மலோனைல்-கோஏ குறையும், கொழுப்பு எரிய வழி திறக்கும். 2013-ல் இந்த இரண்டு செரினையும் அலனினாக மாற்றிய எலிகளை வைத்து ஒரு வேலை வந்தது. அந்த எலிகளுக்குக் கொழுப்புக் கல்லீரலும் இன்சுலின் எதிர்ப்பும் வந்தன, மெட்ஃபார்மின் கொடுத்தும் இன்சுலின் விஷயத்தில் பலன் இல்லை. உங்கள் ஆய்வுக்கு நேரடியாகத் தொடர்புள்ளது, அறிமுகத்தில் கட்டாயம் வர வேண்டும்.

சரி, சாம்பிள் விஷயம். ஏஎம்பிகே செல்லில் ஆற்றல் குறைவதைக் கவனிக்கும் காவலாளி. நீங்கள் செல்லை டிரிப்சின் போட்டு எடுத்து, டியூபில் சுழற்றி, மேலே உள்ளதைக் கொட்டி, பிபிஎஸ்ஸில் கழுவி, மறுபடி சுழற்றி லைஸ் செய்தால், அந்தக் கொஞ்ச நேரத்தில் ஆக்சிஜனும் குளுக்கோஸும் இல்லாமல் ஏஎம்பிகே எழுந்துவிடும், கன்ட்ரோல் தட்டிலேயே பாஸ்போ-ஏசிசி உச்சத்தில் நிற்கும். அப்புறம் மெட்ஃபார்மின் எதையும் மாற்றவில்லை என்று முடிவெழுதுவீர்கள். தட்டை ஐஸ் மேல் வைத்து, மீடியத்தை ஒரே இழுப்பில் உறிஞ்சி, ஐஸ் பிபிஎஸ் ஒரு முறை, உடனே லைசிஸ் பஃபர், ஸ்கிரேப்பர். ஒவ்வொரு தட்டாகச் செய்யுங்கள், ஆறையும் வரிசையாக வைத்துக்கொண்டு ஆறுக்கும் மீடியத்தை முதலிலேயே எடுத்துவிடாதீர்கள். பஃபரில் சோடியம் ஃபுளோரைடும் பைரோபாஸ்பேட்டும் வேண்டும், ஆர்த்தோவனடேட் மட்டும் போட்டால் செரினுக்கு உதவாது, அது டைரோசினுக்கு.

விலங்கு வேலையில் இது இன்னும் மோசம். எலியைக் கொன்று, வயிற்றைத் திறந்து, கல்லீரலை வெட்டி, எடை பார்த்து, பெயர் எழுதிய டியூபில் போடுவதற்குள் ரத்த ஓட்டம் நின்று சில நிமிடமாகியிருக்கும். அந்தக் கல்லீரல் காட்டுவது மரணத்தை, மருந்தை இல்லை. திரவ நைட்ரஜனில் குளிரவைத்த இடுக்கியால் உடலோடு இருக்கும்போதே மடலை அப்படியே நசுக்கி உறையவைக்க வேண்டும். எடை அப்புறம் பார்க்கலாம்.

பாசிட்டிவ் கன்ட்ரோலுக்கு ஏஎம்பிகேவை எழுப்பும் ஐகார் 1 மில்லிமோலார், ஒரு மணி நேரம். நெகட்டிவுக்கு அதே செல்களின் ஒரு பங்கை லைஸ் செய்து லாம்டா பாஸ்பட்டேஸில் வைத்தெடுத்து ஓட்டுங்கள், பேண்ட் மறைய வேண்டும். அந்தப் பங்குக்கு மட்டும் பாஸ்பட்டேஸ் இன்ஹிபிட்டர் இல்லாமல் லைஸ் செய்யவும், இல்லாவிட்டால் லாம்டாவும் வேலை செய்யாது. மெட்ஃபார்மின் ஹெப்ஜி2-க்குள் மெதுவாகத்தான் போகும், உள்ளே எடுத்துச் செல்லும் ஓசிடி1 அந்தச் செல்லில் குறைவு. ஒரு மணி நேரத்தில் எதிர்பார்க்காதீர்கள். 25 மில்லிமோலார் குளுக்கோஸ் மீடியத்தில் வைத்திருந்தால் 5.5-க்கு இறக்கிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

---

தொடர்_சந்தேகி பதில்:

எல்லோரும் இவ்வளவு எழுதிவிட்டீர்கள், ஆனால் கேள்வியில் இருக்கும் அந்த 40 ஆயிரம் ரூபாய் ஆன்டிபாடி ஏசிசியைத்தான் பிடிக்கிறது என்பதற்கு இதுவரை ஒரு ஆதாரமும் வரவில்லை. எச்ஆர்பி செகண்டரியில் 265-ல் பேண்ட் வந்தால் உடனே நிம்மதி அடைந்துவிடுவதா? 250-க்கு மேல் ஜெல்லில் ஏசிசி மட்டும் இல்லை. ஃபேட்டி ஆசிட் சிந்தேஸ் 270 பக்கம், ஏசிசி1-க்குப் பக்கத்து வீடு, அதுவும் கல்லீரல் செல்லில் ஏராளம். உயரத்தை மட்டும் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது.

எஸ்ஐஆர்என்ஏ (ஒரு ஜீனின் புரதத்தைக் குறைக்கும் சிறு ஆர்என்ஏ) போடுங்கள். ஏசிசி1-ஐத் தரும் ஏசிஏசிஏ ஜீனைக் குறிவைத்து ஒன்று, எதையும் குறிவைக்காத ஸ்கிராம்பிள் ஒன்று. ஆன்டிபாடி பேண்ட் குறைய வேண்டும். உங்களுக்கு ஒரு அதிர்ஷ்டம் இருக்கிறது, ஸ்ட்ரெப்டாவிடின் பேண்டும் அதே அளவு குறைகிறதா என்று பக்கத்திலேயே பார்த்துக்கொள்ளலாம், 130-ம் 75-ம் அசையாமல் இருக்கும், அவையே லோடிங் கன்ட்ரோல் மாதிரி. ஆன்டிபாடி இல்லாமலேயே தன்னைக் காட்டிக்கொள்ளும் புரதம் எத்தனை இருக்கிறது சொல்லுங்கள்? வேறு என்சைம் செய்பவர்களுக்கு இந்த வசதி கிடையாது.

இதை நான் வறட்டுப் பிடிவாதமாகச் சொல்லவில்லை. 2023-ல் ஆன்டிபாடிகளைச் சோதிக்கும் வைசாரோஸ் குழு 65 புரதங்களுக்கு 614 வணிக ஆன்டிபாடிகளை அந்தந்தப் புரதத்தின் ஜீனை நீக்கிய நாக்-அவுட் செல்களோடு ஒப்பிட்டுப் பார்த்தது, பாதிக்கு மேல் ஏதாவது ஒரு சோதனையிலாவது தோற்றன. ரீகாம்பினன்ட் ஆன்டிபாடிகள் பாலிகுளோனலைவிட நன்றாகச் செய்தன. பாலிகுளோனல் என்றால் ஒரு முயலின் ரத்தம், அந்த முயல் போனால் அடுத்த முயல், அடுத்த லாட். உங்கள் குழாயில் லாட் எண் இருக்கும், முதல் வேலையாக நோட்டில் எழுதுங்கள். மறுபடி அதே கேட்டலாக் எண்ணை ஆர்டர் செய்தாலும் அதே பொருள் வரும் என்று நம்ப வேண்டாம்.

டேட்டாஷீட்டில் ஒரே பேண்ட் என்கிறீர்களே, அந்தப் படம் மேலும் கீழும் எவ்வளவு வெட்டப்பட்டிருக்கிறது என்று பார்த்தீர்களா? மெம்ப்ரேன் முழுவதையும் காட்டும் நிறுவனத்தை நான் நம்புவேன், 200-லிருந்து 300 வரை ஒரு கீற்றை மட்டும் காட்டுபவரை நம்ப மாட்டேன். அவ்வளவுதான்.

---

குளிரறை பதில்:

சந்தேகி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். சரியான ஆன்டிபாடியாக இருந்தாலும் 265-க்குக் கீழே துண்டுகள் வரலாம். இவ்வளவு நீளமான புரதம் புரோட்டியேசுக்கு லட்டு மாதிரி. லைசேட்டை உருக்கி உறையவைத்து உருக்கி என்று ஆட்டினால் கீழே கோடுகள் கூடும், மேலே உள்ளது குறையும். புது லைசேட்டில் மறைந்து பழையதில் தெரிகிற பேண்ட் என்றால் அது சிதைவு, ஆன்டிபாடியின் குற்றம் இல்லை. சாம்பிளை 95 டிகிரியில் வைப்பதற்குப் பதில் 70-ல் பத்து நிமிடம் வைத்துப் பாருங்கள், பெரிய புரதங்கள் கட்டிதட்டுவது குறையும்.

---

பாரஃபின்_தட்டு பதில்:

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். நான் கல்லீரல் திசுத் துண்டுகளில் இம்யூனோஹிஸ்டோகெமிஸ்ட்ரி (ஆன்டிபாடியால் திசுவில் நிறமேற்றிப் பார்ப்பது) செய்கிறேன், எங்களுக்கும் அவிடின்-பயோட்டின் வைத்த ஏபிசி கிட்தான். செல் முழுக்கச் சைட்டோபிளாசத்தில் மணல் தூவின மாதிரி பழுப்பு நிறம், கன்ட்ரோல் துண்டிலும். இதுவும் அதுதானா?

---

பெப்டைட்_பாண்டி பதில்:

அதுவேதான். கல்லீரலும் சிறுநீரகமும் இதற்குப் பேர்போனவை, ஆன்டிஜென் ரிட்ரீவலில் சூடாக்கினால் மறைந்திருந்த பயோட்டினும் வெளியே வந்து இன்னும் கூடும். அவிடின் போட்டு, கழுவி, அப்புறம் தனிப் பயோட்டின் போட்டு மூடும் பிளாக்கிங் கிட் உண்டு, ஆனால் கல்லீரலுக்கு நான் அதை நம்ப மாட்டேன், பயோட்டினே இல்லாத பாலிமர் டிடெக்‌ஷனுக்கு மாறிவிடுங்கள்.

பயோட்டின் தொல்லை நம் பெஞ்சோடு நிற்பதில்லை. முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை விழுங்குபவர்களுக்குத் தைராய்டு ரத்தப் பரிசோதனை தப்பாக வருகிறது, அங்கேயும் பல கருவிகளில் ஸ்ட்ரெப்டாவிடின்-பயோட்டின் பிடிதான். அமெரிக்க எஃப்டிஏ 2017-ல் எச்சரிக்கையே விட்டது. உங்கள் வீட்டில் யாராவது சாப்பிட்டால் டெஸ்டுக்கு முன் டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள்.

---

ஜெல்லும்_நானும் பதில்:

நிலவரம் சொல்கிறேன். 6 சதவீத ஜெல், ராத்திரி டிரான்ஸ்ஃபர், பக்கத்து லேபில் வாங்கிய எச்ஆர்பி ஆன்டி-ரேபிட். பிரைமரி இல்லாத மெம்ப்ரேன் வெள்ளையாக, எதுவுமே இல்லை. பிரைமரி போட்டதில் 265 பக்கம் ஒன்று, நன்றாகவே தெரிகிறது, 130-ம் 75-ம் காணோம். கீழே 180 பக்கம் ஒரு கோடு மட்டும் மங்கலாக, அது குளிரறை சொன்ன சிதைவாக இருக்கலாம், பழைய லைசேட்தான். குமாசியில் ஜெல்லின் மேல் பகுதி கிட்டத்தட்ட காலி. எஸ்ஐஆர்என்ஏ ஆர்டர் போட்டிருக்கிறோம், அது வரும்வரை இதை ஏசிசி என்று எழுத மாட்டேன், சந்தேகி கோபப்பட வேண்டாம்.

இரண்டு சின்னக் கேள்வி. டைல்யூட் செய்த பிரைமரியைத் திரும்பப் பயன்படுத்தச் சோடியம் அசைடு போட்டு வைக்கலாமா? அப்புறம், பழைய ஸ்ட்ரெப்டாவிடின் மெம்ப்ரேன்கள் நிறைய இருக்கின்றன, அவற்றை ஸ்டிரிப் செய்து ஆன்டிபாடிக்குப் பயன்படுத்தலாமா? லைசேட் மிச்சமாகுமே என்று கேட்கிறேன்.

---

குளிரறை பதில்:

பிரைமரியில் அசைடு 0.02 சதவீதம் போடலாம், 4 டிகிரியில் வைத்துச் சில முறை பயன்படுத்தலாம், பாஸ்போ ஆன்டிபாடி வந்ததும் அதற்கும் அப்படியே. எச்ஆர்பி செகண்டரியில் மட்டும் மறந்தும் போட்டுவிடாதீர்கள், அசைடு எச்ஆர்பியைக் கொன்றுவிடும். பிரைமரிக்கு அப்புறம் டிபிஎஸ்டியில் நன்றாகக் கழுவிவிட்டால் மிச்ச அசைடு பிரச்சினை செய்யாது.

பழைய மெம்ப்ரேன் வேண்டாம். ஸ்ட்ரெப்டாவிடின் பயோட்டினைப் பிடித்தால் சாதாரண ஸ்டிரிப்பிங் பஃபருக்கு விடாது, நீங்கள் தேடும் 265-லேயே பழைய எச்ஆர்பி உட்கார்ந்திருக்கும். ஸ்டிரிப் செய்த பிறகு இசிஎல் (எச்ஆர்பி இருந்தால் ஒளிரும் கரைசல்) ஊற்றிப் பார்த்தாலே தெரியும். தூக்கிப் போட்டுவிட்டு ஒரே லைசேட்டில் இரண்டு ஜெல் ஓட்டுங்கள், ஒன்று பாஸ்போவுக்கு, ஒன்று மொத்தத்துக்கு, இரண்டிலும் வின்குலின். அந்த 180 கோடு புது லைசேட்டிலும் வருகிறதா என்று மட்டும் வந்து சொல்லுங்கள்.